நாகரபாவியில் நாட்டுக்கு நலம் விசாரிக்கிறார்கள்

அந்தச் செய்தியை நீங்களும் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். இந்தியக் கிராமத்தில் ஒருவர் மாதம் சராசரியாக 3,773 ரூபாய் செலவழிக்கிறார், நகரத்தில் 6,459 ரூபாய் என்று 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு சொன்னது. பலரும் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள். எனக்கு அங்கேதான் ஆவல் பொங்கும். 3,770 இல்லை, 3,775 இல்லை, 3,773! அந்தக் கடைசி மூன்று ரூபாயை யார், எந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து, என்ன கேட்டுக் கண்டுபிடித்தார்கள்?

இந்த எண்களின் திரையை விலக்கி எட்டிப்பார்க்க ஏற்ற ஊர் பெங்களூர். ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களை மறந்துவிடுங்கள். நகரின் மேற்கே, பெங்களூர் பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகத்தை ஒட்டிய நாகரபாவிக்கு வாருங்கள். அங்கே 1972-ல் தொடங்கிய சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஊரில் எல்லோரும் சொல்லும் பெயர் ஐசெக். பொருளாதாரம், பஞ்சாயத்து, சுற்றுச்சூழல், கல்வி, அரசியல் என்று பல மையங்கள். மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக வேலை செய்யும் மக்கள்தொகை ஆய்வு மையமும், வேளாண் அமைச்சகத்துக்காக வேலை செய்யும் ஊரக மாற்ற மையமும் இதே வளாகத்தில்தான். நாடு நலமாக இருக்கிறதா என்று கேட்பதையே முழுநேரத் தொழிலாக வைத்திருக்கும் மனிதர்கள்! இதைவிடச் சுவாரசியமான வேலை உலகத்தில் உண்டா?

ஐசெக்கைத் தொடங்கியவர் நம்ம ஊர்க்காரர் என்பதைச் சொல்லாமல் மேலே போக என்னால் முடியாது. வி.கே.ஆர்.வி. ராவ் 1908-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். 1930-களில் கேம்பிரிட்ஜுக்குப் போனார். பொருளாதார மேதை கெய்ன்ஸ் உலவிக்கொண்டிருந்த கேம்பிரிட்ஜ் அது. அங்கே அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சித் தலைப்பைக் கேட்டால் தலை சுற்றும்: பிரிட்டிஷ் இந்தியாவின் மொத்த வருமானம் எவ்வளவு? கணினி கிடையாது. வீடு வீடாக எடுத்த செலவுக் கணக்கு கிடையாது. பல தொழில்களுக்கு உருப்படியான புள்ளிவிவரமே கிடையாது. ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. வயல், கால்நடை, சுரங்கம், மீன், காடு இவற்றையெல்லாம் விளைந்த பொருளின் மதிப்பால் கணக்கிட்டார். ஆலை, வியாபாரம், போக்குவரத்து, அரசாங்க உத்தியோகம், வீட்டு வேலை ஆகியவற்றை அதில் இருப்பவர்களின் வருமானத்தால் கணக்கிட்டார். இரண்டையும் தைத்துச் சேர்த்தார். 1931-32-ல் ஒருவருக்கு ஆண்டு வருமானம் 62 ரூபாய் என்று விடை வந்தது. கிராமத்தில் 51, நகரத்தில் 166. புத்தகம் 1940-ல் வெளியானது. மாதத்துக்குக் கணக்கிட்டால் கிராமத்து மனிதருக்கு நாலேகால் ரூபாய்! ஒரு நாட்டின் வறுமையை ஓர் இளைஞர் தனியாளாக உட்கார்ந்து எண்ணாக்கிய கதை இது. எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அதோடு ஓய்ந்தாரா? 1949-ல் தில்லி ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ், பிறகு தில்லியிலேயே பொருளாதார வளர்ச்சி ஆய்வு நிறுவனம், மூன்றாவதாக பெங்களூரில் ஐசெக். நடுவே தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், திட்டக்குழு உறுப்பினர், பெல்லாரி எம்.பி., மத்திய அமைச்சர். சமூக அறிவியல் ஆய்வுக்கென்று ஒரு தேசியக் குழுமம் வேண்டும் என்று பரிந்துரைத்த குழுவுக்குத் தலைவர் அவர்தான். 1969-ல் அந்தக் குழுமம் பிறந்தபோது கல்வி அமைச்சரும் அவர்தான். அமர்த்தியா சென் 1963 முதல் 1971 வரை பாடம் நடத்தியது ராவ் தொடங்கிய அந்த தில்லி ஸ்கூலில்தான். சென் துணைநின்று உருவாகி, மனித மேம்பாட்டுக் குறியீடு என்று இன்று உலகமே பேசும் சிந்தனையின் பின்னணியில் இப்படி ஒரு காஞ்சிபுரத்துக் கை இருக்கிறது.

சரி, அந்த 3,773-க்குத் திரும்புவோம். இனி ஒரு முட்டைக் கதை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை 1950-ல் புள்ளியியல் மேதை மகலநோபிஸ் தொடங்கிவைத்தார். அதன் செலவுக் கணக்கெடுப்பில் இருந்துதான் வறுமை, ஏற்றத்தாழ்வு, விலைவாசிக் குறியீட்டின் எடைகள் என எல்லாமே கிளைக்கின்றன. ஐசெக் போன்ற நிறுவனங்களின் ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் அலசுவது இந்த டேட்டாவைத்தான். 2022-23-ல் 2,61,746 குடும்பங்களிடம் 405 வகைப் பொருள்களைப் பற்றிக் கேட்டார்கள். ரேஷன் அரிசிக்குத் தனி வரி, கடை அரிசிக்குத் தனி வரி. ராகிக்கு ஒரு வரி. ஒரே நாளில் 405 கேள்வி கேட்டால் யார் பதில் சொல்லுவார்கள்? அதனால் இந்த முறை ஒரு குடும்பத்துக்கு மூன்று மாதத்தில் மூன்று தடவை போனார்கள். ஒரு தடவை உணவு, ஒரு தடவை சோப்பு, கரண்ட், பஸ், பள்ளிக் கட்டணம் போன்றவை, ஒரு தடவை துணி, செருப்பு, ஃபிரிட்ஜ், பைக். எதை முதலில் கேட்பது என்பதைக்கூட குடும்பத்துக்குக் குடும்பம் மாற்றிவிட்டார்கள்.  எவ்வளவு நுணுக்கம் பாருங்கள்!

பெங்களூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாசலில் பேச்சு இப்படித்தான் போகும்.

“அக்கா, போன ஏழு நாள்ல வீட்ல எத்தனை முட்டை ஆச்சு?”

“முட்டையா? ஞாயித்துக்கெழம ஆறு. அப்புறம் பையன் வந்திருந்தான், அன்னைக்கு ஒரு நாலு.”

“எண்ணெய்?”

“பாக்கெட் வாங்கினா பத்து பன்னெண்டு நாள் ஓடும். ஏழு நாள்னா எப்படிப்பா சொல்றது?”

“எவ்வளவு தீந்துச்சுன்னு தோராயமா சொல்லுங்க அக்கா, போதும்.”

“அப்ப அரிசிக்கும் ஏழு நாளா?”

“இல்லக்கா, அரிசிக்கு முப்பது நாள்.”

ஏன் முட்டைக்கு ஏழு, அரிசிக்கு முப்பது? அரிசியை மாதத்துக்கு ஒருமுறை மூட்டையாக வாங்குகிறோம், அது மனதில் நிற்கும். முட்டையும் தக்காளியும் அன்றாடம் வந்து போகிறவை. முப்பது நாளுக்கு முந்தைய தக்காளி யாருக்கு ஞாபகம் இருக்கும்? துணிக்கும் ஃபிரிட்ஜுக்கும் 365 நாள், ஏனென்றால் தீபாவளிக்கு எடுத்த புடவை ஆடியில் கேட்டாலும் நினைவில் இருக்கும்.

இந்த நாள் கணக்கு சின்ன விஷயம் என்று நினைத்தீர்களா? 1990-களின் நடுவில் ஒரு சோதனை செய்தார்கள். சில வீடுகளில் பழையபடி முப்பது நாள் நினைவு, வேறு சில வீடுகளில் உணவுக்கு ஏழு நாள் நினைவு. ஏழு நாள் கேட்ட வீடுகளில் செலவு அதிகமாக வந்தது. எவ்வளவு அதிகம் என்றால், அதையே எடுத்துக்கொண்டால் இந்தியாவின் ஏழைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர் காகிதத்தில் வறுமைக்கோட்டைத் தாண்டிவிடுவார்கள்! ஒருவர் தட்டிலும் ஒரு பருக்கை கூடவில்லை. கேள்வியின் கால அளவு மட்டும்தான் மாறியது. 1999-2000 சுற்றில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் ஒரே வீட்டில் கேட்டுவிட்டார்கள். ஏழு நாளுக்கு ஒரு பதில் சொன்னவர் முப்பது நாளுக்கு அதை நாலால் பெருக்கிச் சொல்லத்தானே செய்வார்? அந்தச் சுற்றின் எண்களை அதற்கு முந்தைய எண்களோடு ஒப்பிடலாமா, கூடாதா என்று பொருளாதார அறிஞர்கள் வருடக்கணக்கில் மோதினார்கள். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ஆங்கஸ் டீட்டன் அந்த மோதலின் நடுவில் நின்று கணக்குப் போட்டவர்களில் ஒருவர். ஒரு முட்டையைப் பற்றிய கேள்வி கோடிக்கணக்கான மனிதர்களைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுகிறது. அதனால்தான் இந்தத் துறையில் கேள்வித்தாள் தயாரிப்பவரை நான் எழுந்து நின்று வணங்குவேன்.

இன்னொரு ரகசியம், இது பெங்களூருக்கே பொருந்துவது. அடுக்குமாடி வீட்டில் வேலை செய்யும் அம்மா காலையில் அங்கேயே இரண்டு தோசை சாப்பிடுகிறார். அந்தத் தோசை யார் கணக்கில் ஏறும்? சமைத்துக் கொடுத்த வீட்டின் கணக்கில்! ஒரே உணவை இரண்டு இடத்தில் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. விதி நியாயமானதுதான். ஆனால் விளைவைப் பாருங்கள்: வசதியான வீடு உண்மையில் சாப்பிட்டதைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டதாகவும், அந்த அம்மாவின் வீடு குறைவாகச் சாப்பிட்டதாகவும் கணக்கு காட்டும். கலோரிக் கணக்கு போடுகிறவர்கள் இதைத் திருத்தத் தனியாக உழைக்க வேண்டியிருக்கிறது. 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் இலவசப் பயணம். அதே அம்மாவுக்கு டிக்கெட் செலவு மிச்சம். இலவசமாகக் கிடைத்த அரிசி, சைக்கிள், லேப்டாப் போன்றவற்றுக்கு மதிப்புப் போட்டுச் சேர்க்கும் வழி புதிய கணக்கெடுப்பில் இருக்கிறது; பஸ் பயணம் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் வாழ்க்கை லேசாகியிருக்கிறது, கணக்கிலோ அவர் செலவு குறைந்தவராகத் தெரிவார். செலவை மட்டும் வைத்து நலத்தை அளக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இந்த ஒரு பஸ் போதும்.

போகிற போக்கில் ஒன்று. அதே 2022-23 கணக்கில் கர்நாடக நகரத்தின் சராசரி மாதச் செலவு 7,666 ரூபாய், தமிழ்நாட்டு நகரத்தில் 7,630. சமம் என்றே சொல்லலாம். கிராமத்துக்குப் போனால் கர்நாடகம் 4,397, தமிழ்நாடு 5,310. எல்லை தாண்டியதும் 900 ரூபாய் வித்தியாசம்! பெங்களூரின் வெளிச்சம் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று கேட்க வைக்கும் எண் இது.

நினைவைப் பற்றிப் பேசும்போது எம்.என். சீனிவாஸை எப்படி விடுவது? சமூகவியலின் பெரிய பெயர். ஐசெக் தொடங்கியபோது ராவோடு தோள் சேர்ந்து நின்றவர். மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1948-ல் தங்கி, கண்டதையெல்லாம் குறித்து, பின்னர் வருடக்கணக்கில் அந்தக் குறிப்புகளைச் செப்பனிட்டு மூன்று பிரதிகள் வைத்திருந்தார். 1970 ஏப்ரலில் அவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது, அங்கே யாரோ வைத்த தீயில் மூன்றும் கருகிப்போயின. மூன்றும்! வேறு யாராவது என்றால் படுத்திருப்பார்கள். அவர் நினைவில் இருந்ததை வைத்தே புத்தகத்தை எழுதினார். 1976-ல் வந்த அந்த ‘தி ரிமெம்பர்ட் வில்லேஜ்’ இன்றும் சமூகவியல் மாணவர்கள் கட்டாயம் தொடும் புத்தகம். போன வாரத் தக்காளி நமக்கு மறந்துவிடுகிறது; இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய கிராமத்தின் சண்டைகளும் சமரசங்களும் அவருக்கு அட்சரம் பிசகாமல் நின்றன. இரண்டுமே மனித நினைவுதான். எதை எப்படிக் கேட்டால் அது வெளியே வரும் என்பதில்தான் இந்தத் தொழிலின் வித்தை முழுவதும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கிராமத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது நம் பக்கத்துப் பழக்கமும்கூட. 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். அதில் ஒன்று தஞ்சைப் பகுதிப் பாலக்குறிச்சி. நூறு வருடம் கழித்து 2019-ல் அதே பாலக்குறிச்சிக்கு மறுபடி கேள்வித்தாளோடு போனவர்கள் யார் தெரியுமா? பெங்களூரில் இருந்து இயங்கும் வேளாண் ஆய்வு அறக்கட்டளைக்காரர்கள். ஒரு கிராமத்துக்கு நூறு வருட மருத்துவச் சீட்டு! நினைத்தாலே சிலிர்க்கிறது.

வாய்ப்பேச்சை நம்ப முடியாத இடத்தில் டேப்பைக் கொண்டுபோகிறார்கள். முதல் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 1992-93-ல் நடந்தபோது கர்நாடக அறிக்கையைத் தயாரித்ததில் ஐசெக்கின் மக்கள்தொகை மையத்துக்குப் பங்கு உண்டு. குழந்தைகளின் எடை, உயரம் இரண்டையும் அளந்தார்கள். இரண்டு வயதுக்குள் என்றால் படுக்கவைத்து நீளம், அதற்கு மேல் என்றால் நிற்கவைத்து உயரம். அழும் குழந்தையின் காலை ஒருவர் நேராகப் பிடிக்க வேண்டும், தலையை இன்னொருவர். அந்தக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் குழந்தைகளின் உயரம் மட்டும் இருக்காது. காரணம்? தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் முதல் கட்டமாக வேலை தொடங்கியபோது உயரம் அளக்கும் பலகைகள் வந்து சேரவில்லை! ஒரு மரப்பலகை வராததால் ஒரு தலைமுறைக் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு அந்த அறிக்கையில் பதிவாகாமல் போயிற்று. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது சுற்றில் கர்நாடகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.4 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெங்களூரின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும் எந்தக் கூட்டத்திலும் இந்த எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்க வேண்டும் என்பது என் ஆசை.

மனசை அளக்கும் டேப் உண்டா? அதையும் முயன்றிருக்கிறார்கள்! 2011-ல் தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் முதியவர்களைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் துணையோடு நடத்தியவர்கள் பெங்களூர் ஐசெக், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், ராவ் தில்லியில் தொடங்கிய அந்தப் பொருளாதார வளர்ச்சி நிறுவனம். பென்ஷன் வருகிறதா, சர்க்கரை இருக்கிறதா என்பதோடு நிற்கவில்லை. கவலையால் தூக்கம் கெட்டதா, அன்றாட வேலைகளில் மகிழ்ச்சி இருக்கிறதா என்கிற மாதிரி 12 கேள்விகள். வாழ்க்கையில் எவ்வளவு நிறைவு என்பதை அறிய இன்னும் ஒன்பது. ஒரு பாட்டியிடம் அரசாங்கக் காகிதத்தை வைத்துக்கொண்டு “நல்லாத் தூங்குறீங்களா பாட்டி?” என்று ஒருவர் கேட்பதை நினைத்துப் பாருங்கள். பாட்டி சொல்லும் பதில் வரிசை எண்ணாகி, சராசரியாகி, முதியோர் கொள்கை பேசும் மேசைக்கு வந்து சேர்கிறது.

எண் மேசைக்கு வந்தபின் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நஞ்சுண்டப்பாவின் பெயர் ஒன்றே போதும். பொருளாதார அறிஞர் டி.எம். நஞ்சுண்டப்பா தலைமையிலான உயர்நிலைக் குழு 2002-ல் கர்நாடகத்தின் 175 தாலுகாக்களையும் 35 அளவுகோல்களால் அளந்தது. பாசனம், சாலை, வங்கி, ஆஸ்பத்திரி, பள்ளி என்று எல்லாம் சேர்த்து ஒரே குறியீடு. 114 தாலுகாக்கள் பின்தங்கியவை; அவற்றில் 39 மிகமிகப் பின்தங்கியவை, பெரும்பகுதி வட கர்நாடகம். வடக்கே ஜனங்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த குறைக்கு முதல்முறையாக ஒரு வரைபடம் கிடைத்தது. எட்டு ஆண்டுகளில் 31,000 கோடி ரூபாயில் சிறப்புத் திட்டம் வேண்டும் என்றது குழு. இன்றைக்கும் கர்நாடகச் சட்டசபையில் “நஞ்சுண்டப்பா அறிக்கை” என்ற சொல் காதில் விழாமல் ஒரு பட்ஜெட் விவாதம் முடியாது. ஹைதராபாத்-கர்நாடகப் பகுதிக்கென்று அரசியல் சட்டத்தில் 371-ஜே பிரிவு சேர்ந்ததற்குப் பின்னால் இந்த வாதங்களின் பலமும் உண்டு.

நகரத்துக்கும் ஒரு மார்க் ஷீட் இருந்தது. சாமுவேல் பால், ஐ.ஐ.எம். அகமதாபாத்தின் முன்னாள் இயக்குநர், 1990-களின் தொடக்கத்தில் பெங்களூர்க்காரர்களிடம் தண்ணீர் வாரியம், மின் வாரியம், மாநகராட்சி எப்படி நடத்துகின்றன என்று கேட்டு மதிப்பெண் போட்டார். நகர மேம்பாட்டு ஆணையத்தில் முழுத் திருப்தி என்றவர் நூற்றுக்கு ஒருவர்! 1999-லும் 2003-லும் மறுபடி கேட்டபோது மதிப்பெண்கள் ஏறியிருந்தன. பரீட்சை எழுதுவது தெரிந்தாலே அலுவலகங்கள் படிக்கத் தொடங்கிவிடுகின்றன.

இப்போது என் பரபரப்புக்குக் காரணம் வேறு. கிராமங்களில் எந்தக் கணக்கெடுப்பு நடத்தினாலும் சாம்பிள் எடுக்க ஆதாரப் பட்டியல் 2011 மக்கள்தொகைக் கணக்குதான். 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்ட புதிய கணக்கெடுப்பு முடிந்தால் அந்தப் பழைய பட்டியலுக்கு விடுதலை. நஞ்சுண்டப்பாவின் 175 தாலுகாக்கள் இதற்குள் 230-ஐத் தாண்டிவிட்டன. ஒரு காலத்தில் ஐசெக்கின் இயக்குநராக இருந்த எம். கோவிந்த ராவ் தலைமையில் கர்நாடக அரசு 2024-ல் அதே வேலைக்குப் புதிய குழுவை அமைத்தது. தாலுகா வாரியாகப் புதிய மக்கள்தொகை எண்கள் கைக்கு வரும்போது, தேவதுர்கா எங்கே நிற்கிறது, ஆனேகல் எங்கே நிற்கிறது, இருபத்தைந்து வருடத்தில் யார் யாரை முந்தினார்கள் என்று வரிசை முழுவதையும் முதலில் இருந்து போட்டுப் பார்க்கலாம். அந்தப் பட்டியல் வெளியாகும் அன்று மற்ற எல்லா வேலையையும் தள்ளிவைக்க நான் இப்போதே தயார்.